இரண்டாவது சீட்டை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருந்துக் குழுத் தலைவருக்கும், உறுப்பினர்களுக்கும், குழுவின் முடிவைச் சரி என்று ஏற்றுக்கொண்ட மருத்துவர்களுக்கும்,

போன கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்தும் பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரையும் ஒரே நோயாளிக்குப் போகும்போது கணினித் திரையில் வந்துகொண்டிருந்த எச்சரிக்கையை முதலில் நிறுத்தினீர்கள். அதன் பிறகு ஒரு நோயாளி மூச்சு நின்றுபோகிற நிலையில் திரும்பி வந்தார். அதற்குப் பிறகும் கூடிப் பேசி, எச்சரிக்கையைத் திரும்பக் கொண்டுவரத் தேவையில்லை, சேர்த்துத் தருவதும் தராததும் அந்தந்த மருத்துவரின் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

நான் மருந்தகத்தில் வேலை பார்க்கும் மருந்தாளுநர். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நான் பேசியது கூட்டக் குறிப்பில் ஒரே வரியாக இருக்கிறது: "மருந்தகத் தரப்பின் கருத்தும் கேட்கப்பட்டது." கேட்கப்பட்டது உண்மைதான். பதில்தான் வரவில்லை. ஆகவே அன்று சொன்னதை இன்னொரு முறை, கொஞ்சம் விரிவாக, எல்லாரும் படிக்கிற மாதிரி சொல்கிறேன். எந்த டாக்டரின் பெயரும் இதில் வராது, மருத்துவமனையின் பெயரும் வராது. ஒரு ஆளைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். அப்படி ஆகக் கூடாது.

நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் பலருக்கு இது ஒரு கோப்பு எண்ணாக மட்டும்தான் தெரியும்.

எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை, காயம் நன்றாகவே ஆறியது. வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்கு ட்ரமடால் என்ற ஓபியாய்டு 50 மில்லிகிராம், தினமும் மூன்று வேளை. கால் எரிகிறது என்று சொன்னதால் இரவில் ப்ரீகாபலின் 75. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரி: "ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளைத் தொடரவும்." அந்த மருந்துகளில் பிரஷர் மாத்திரை இருந்தது, தைராய்டு மாத்திரை இருந்தது, தூக்கம் வரவில்லை என்று பல வருடங்களுக்கு முன் வேறொரு டாக்டர் எழுதித் தந்த குளோனசெபாம் என்ற பென்சோடயசெபைன் மாத்திரையும் இருந்தது. வார்டில் இருந்த நாட்களில் அதை யாரும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் புலம்பினார், கை நடுங்கியது என்று நைட் டூட்டி சிஸ்டர் எழுதிவைத்திருக்கிறார். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற குழப்பம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வருடக்கணக்காகச் சாப்பிட்ட மாத்திரை திடீரென்று நின்றதால்கூட அப்படி ஆகும் என்று அன்றைக்கு ஒருவர் யோசித்திருந்தால், அந்த மாத்திரை அங்கேயே வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

வீட்டுக்குப் போனார். முதல் இரவே புது மாத்திரைகளோடு பழைய டப்பாவிலிருந்த தூக்க மாத்திரையையும் கொடுத்திருக்கிறார்கள். சீட்டில் தொடரச் சொல்லித்தானே இருக்கிறது. மறுநாள் பகலெல்லாம் அசந்து அசந்து தூங்கினார். சாப்பிட எழுப்பினால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார். "ஆஸ்பத்திரியில ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. வீட்டுக்கு வந்ததும்தான் நிம்மதியாத் தூங்குறாங்கன்னு நெனச்சோம்" என்று மகன் பிறகு என்னிடம் சொன்னார். அன்று இரவு பலத்த குறட்டை. நடுநடுவே குறட்டை நின்றுபோகும், கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது, பிறகு ஒரு பெரிய இழுப்போடு மறுபடி தொடங்கும். விடியும் நேரத்தில் அந்த இழுப்பு வரவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மகள் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

எமர்ஜென்சிக்குக் கொண்டுவந்தபோது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. டூட்டி டாக்டர் உடனே புரிந்துகொண்டு நலோக்சோன் போட்டார். அவர் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. மூச்சு கொஞ்சம் ஏறியது, கண்ணைத் திறந்தார், பிறகு மறுபடி சரிந்தார். நலோக்சோன் ஓபியாய்டைத்தான் பிடுங்கிப் போடும், அதுவும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும்தான். குளோனசெபாமை அது தொடவே தொடாது. குளோனசெபாமோ உடம்பில் பாதியாகக் குறையவே 30, 40 மணி நேரம் பிடிக்கிற மருந்து. அதை முறிக்க ஃப்ளுமசெனில் என்ற மருந்து இருக்கிறதே என்றால், வருடக்கணக்காக அந்த மாத்திரையைச் சாப்பிட்டவருக்கு அதைப் போட்டால் வலிப்பு வரலாம். கடைசியில் வென்டிலேட்டர்தான்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தவர் இப்போது பிள்ளைகளின் பெயரைத் தேடுகிறார். சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டேனா என்று கேட்கிறார்.

யார் மேல் தப்பு என்று பார்க்கப் போனால் யார் மேலும் இல்லை. வேடிக்கையே அதுதான். எலும்பு டாக்டர் வலிக்கு மருந்து எழுதினார், வலியோடு யாரையும் அனுப்ப முடியாது. பல வருடங்களுக்கு முன் தூக்க மாத்திரை எழுதியவருக்கு, ஒரு நாள் இந்த அம்மாவின் இடுப்பு முறியும் என்று தெரிய வழியில்லை. ப்ரீகாபலின் எழுதியவர் எரிச்சலைக் குறைக்க நினைத்தார். வீட்டில் இருந்தவர்கள் சீட்டில் உள்ளபடியே கொடுத்தார்கள். தனித்தனியாக எடுத்தால் எல்லாச் சீட்டும் சரி. எல்லாம் ஒரே உடம்புக்குள் போய்ச் சேர்கிறதே, அந்தக் கூட்டுத்தொகையை யாருமே போட்டுப் பார்க்கவில்லை.

போட்டுப் பார்க்க வேண்டியவர் இரண்டாவதாக எழுதுகிறவர். என் பேச்சின் சாரம் இவ்வளவுதான். முதலில் எழுதுகிறவருக்குப் பின்னால் என்ன வரும் என்று தெரியாது. இரண்டாவதாக எழுதுகிறவருக்கு முன்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ள முடியும். நம்மிடம் அது தெரிந்தும் இருந்தது. அந்த அம்மாவின் ஓ.பி. பதிவில் குளோனசெபாம் ஏற்றப்பட்டிருந்தது, நானே எடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தால் ட்ரமடால் என்று தட்டிய நொடியில் திரையில் எழும்பியிருக்கும். அதை நிறுத்தியது அதற்கு முந்தின மாதம். "மருத்துவரின் பொறுப்பு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பொறுப்பைச் செய்வதற்கு வேண்டிய ஒரே தகவலை அவர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு அப்படி எழுதுவது நியாயமா?

இந்தக் கூட்டணி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள். மூச்சு விடுவதை நாம் நினைத்து நினைத்துச் செய்வதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் மூளைத்தண்டு அதை உணர்ந்து மூச்சை முடுக்கிவிடுகிறது. ஓபியாய்டு அந்த உணர்வை மழுங்கடிக்கிறது. பென்சோடயசெபைன் வேறொரு வாசல் வழியாக வந்து, மூளையை அடக்கிவைக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலைக்குத் தூபம் போடுகிறது. விழிப்பு குறைகிறது, தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதையை அடைக்கிறது. ஓபியாய்டு மட்டும் இருந்தால், மூச்சு மிகவும் குறையும்போது பல சமயம் உடம்பு தன்னைத்தானே உலுக்கி எழுப்பிக்கொள்ளும். தூக்க மாத்திரையும் சேர்ந்துவிட்டால் அந்த உலுக்கலும் போய்விடுகிறது. ஏற்கெனவே உறக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர், நுரையீரல் நோய் உள்ளவர், சிறுநீரகம் தளர்ந்த முதியவர் என்றால் தப்பிப்பதற்கான இடைவெளி இன்னும் குறுகல். ட்ரமடாலை உடம்பு மாற்றியெடுக்கும் வீரியமான பொருளும் ப்ரீகாபலினும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது மெதுவாக வேலை செய்தால், நேற்றைய மாத்திரை தீராமல் இன்றைய மாத்திரை அதன் மேல் ஏறி உட்காரும்.

குழுவில் ஒரு மயக்க மருந்து நிபுணர் இருக்கிறார். அவருக்கு இது நன்றாகவே தெரியும். 1980-களில் பென்சோடயசெபைன் வகையைச் சேர்ந்த மிடசோலம் புழக்கத்துக்கு வந்த புதிதில், சின்னச் சின்னப் பரிசோதனைகளுக்காக மயக்கம் கொடுத்த இடங்களில் மரணங்கள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை மூச்சு சம்பந்தப்பட்டவை, பாதிக்கு மேற்பட்டவற்றில் ஓபியாய்டும் கூடவே கொடுக்கப்பட்டிருந்தது. 1990-இல் ஆரோக்கியமான 12 தன்னார்வலர்களை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. மிடசோலம் மட்டும் கொடுத்தபோது மூச்சில் குறிப்பிடும்படி ஒன்றும் ஆகவில்லை. ஓபியாய்டான ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது பாதிப் பேருக்கு ஆக்ஸிஜன் அளவு இறங்கியது, ஆனால் யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 12 பேரில் 11 பேருக்கு ஆக்ஸிஜன் இறங்கியது, 6 பேருக்கு மூச்சே நின்றது. தனியாக இருந்தால் சாதுவான மருந்து, துணை சேர்ந்ததும் என்ன செய்கிறது பாருங்கள். அதன் பிறகுதான் மானிட்டர் இல்லாமல், பக்கத்தில் ஒரு ஆள் நின்று பார்க்காமல் இந்த ஜோடியைக் கொடுக்கக் கூடாது என்பது ஆபரேஷன் தியேட்டரில் வழக்கமாகிப் போனது.

சரி, தியேட்டரில் அவ்வளவு காவல். ஊசிக்குப் பதில் மாத்திரை, அளவு குறைவு, ஏறும் வேகமும் குறைவு, எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஜாதி மருந்துகளை ஒரு கவரில் போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே யார் மானிட்டர்? பகலெல்லாம் நோயாளியைப் பார்த்துக்கொண்ட களைப்பில் அயர்ந்து தூங்கும் மகள்தானே.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, எழுதியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 ஆகஸ்ட் 31 அன்று, இந்த இரண்டு வகைகளைச் சேர்ப்பது பற்றி, கிட்டத்தட்ட 400 மருந்துத் தயாரிப்புகளின் மேல் கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அச்சிட உத்தரவிட்டது. அங்கே ஒரு மருந்துக்குப் போடுகிற எச்சரிக்கையிலேயே கடுமையானது அதுதான். அதே ஆண்டு அவர்களுடைய நோய்க் கட்டுப்பாட்டு மையம், இரண்டையும் சேர்த்து எழுதுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொன்னது. 2019-இல், ஒரே வகையைச் சேர்ந்த கபாபென்டினும் ப்ரீகாபலினும் ஓபியாய்டு போன்றவற்றோடு சேர்ந்தால் மூச்சு அடங்கலாம் என்று தனியாக எச்சரித்தார்கள். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பியர்ஸ் பட்டியலிலும் அந்த ஆண்டு ஓபியாய்டு-பென்சோடயசெபைன் ஜோடியும் ஓபியாய்டு-கபாபென்டின் வகை ஜோடியும் இடம் பிடித்தன. நம்முடைய அம்மாவுக்கு இரண்டு ஜோடியும் ஒன்றாகவே வாய்த்தன.

எண்ணிக்கை கேட்பீர்கள் என்று தெரியும். அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் 2004 முதல் 2009 வரையிலான பதிவுகளைப் பார்த்தார்கள். ஓபியாய்டு வாங்கியவர்களில் 27 சதவீதம் பேருக்கு பென்சோடயசெபைனும் எழுதப்பட்டிருந்தது. மருந்து அளவு மீறி நடந்த மரணங்களில் ஏறக்குறைய பாதி, இரண்டும் ஒன்றாகக் கையில் இருந்த காலத்தில் நடந்தவை. கால் பங்கு ஆட்கள், பாதி மரணங்கள். வட கரோலினாவில் இன்னொரு ஆய்வு: ஓபியாய்டு மட்டும் வாங்கியவர்களோடு ஒப்பிட்டால், இரண்டையும் வாங்கியவர்கள் மருந்து அளவு மீறி இறக்கும் விகிதம் பத்து மடங்கு. கவலையும் தூக்கமின்மையும் உள்ளவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்கள், பத்து மடங்கையும் மாத்திரை தலையிலேயே கட்ட முடியாது என்று ஒரு உறுப்பினர் கூட்டத்தில் சொன்னார். நியாயமான வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு ஆபத்துக்கு ஒரு எச்சரிக்கை போடக்கூட நமக்கு மனம் வராதா?

"ட்ரமடால் லேசானதுதானே" என்ற பேச்சையும் விட்டுவிடுவோம். மார்ஃபினோடு ஒப்பிட்டால் லேசானது, சரி. ஆனால் அதை உடம்பு எவ்வளவு வீரியமான பொருளாக மாற்றும் என்பது கல்லீரலில் உள்ள ஒரு என்சைமைப் பொறுத்தது. ஆளுக்கு ஆள் அது மாறும், வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. கோடீனும் அதே கதைதான். 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்த இரண்டையும் கொடுக்கவே கூடாது என்று 2017-இல் அமெரிக்காவில் தடை சொன்னதற்குக் காரணமும் அந்த மாற்றத்தின் வேகம்தான். இருமல் மருந்தில் கோடீன் இருப்பதும், சளிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் தாமே தூக்கத்தைக் கூட்டும் என்பதும், இரவில் கொஞ்சம் மது குடிக்கிற பழக்கத்தை டாக்டரிடம் யாரும் தாமாகச் சொல்வதில்லை என்பதும் தனிக் கணக்கு. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பென்சோடயசெபைன் இல்லை என்று சொல்லித் தப்பிக்கிறவர்களும் உண்டு. மூளையில் அது போய் உட்காரும் இடம் ஒன்றுதான்.

இப்போது உங்கள் தரப்பு. எச்சரிக்கைகள் அளவுக்கு மீறி வருகின்றன, ஓ.பி.யில் நூறு பேர் காத்திருக்கும்போது திரை குறுக்கே குறுக்கே எழும்பினால் பார்க்காமலே மூடத்தான் தோன்றும் என்றீர்கள். சத்தியமான வார்த்தை. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து எழுதினால்கூட அந்த மென்பொருள் சிவப்பு எழுத்தில் கத்துகிறது. தோலில் தடவுகிற களிம்புக்கும் கத்துகிறது. எனக்கே எரிச்சலாக வரும். ஆனால் நீங்கள் செய்தது என்ன? எதை அதிகம் பேர் படிக்காமல் மூடினார்களோ அதையெல்லாம் வரிசையாக நிறுத்தினீர்கள். அதிகம் பேர் மூடியதற்குக் காரணம், அதிகம் பேர் இந்த ஜோடியை எழுதியது. ஆபத்தானதை நிறையப் பேர் செய்கிறார்கள், ஆகவே எச்சரிக்கை தேவையில்லை என்று கணக்கு முடிந்துவிட்டது. கால்சியம் எச்சரிக்கை இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதை மூட அவ்வளவு பேர் சிரமப்படவில்லை போலிருக்கிறது.

நோயாளிகள் சொல்வதில்லை என்பது இன்னொரு வாதம். சிலர் மறைக்கிறார்கள், உண்மை. ஆனால் பெரும்பாலானவர்கள் மறைப்பதில்லை. அவர்கள் கணக்கில் அது மருந்தே இல்லை. "வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்றால் பிரஷர், சுகர் என்பார்கள். "ராத்திரி தூங்க ஏதாவது போட்டுக்குவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வார்கள். மருந்தக ஜன்னலில் தினமும் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறேன். சொல்லவும் செய்கிறார்கள். அப்புறம் நான் டாக்டருக்குப் போன் செய்கிறேன். பாதி நேரம் எடுப்பதில்லை. எடுத்தால், "எழுதினதைக் கொடுங்க, போதும்." ஒரு முறை நோயாளியின் எதிரிலேயே, ஸ்பீக்கரில், அப்படிக் கேட்டுக்கொண்டேன். எல்லாரும் அப்படி இல்லை. நன்றி சொல்லிவிட்டு மாற்றி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த மடல் தேவையே இல்லை.

என்னைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகளைத் தடை செய்யச் சொல்லவில்லை. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு மார்ஃபினும் மிடசோலமும் சேர்ந்து கிடைப்பது இரக்கம். அங்கே யாரும் கை வைக்கக் கூடாது. ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள மெதடோனோ பியூப்ரெனார்ஃபினோ எடுக்கிறவர், தூக்க மாத்திரையும் சாப்பிடுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக அந்தச் சிகிச்சையை மறுப்பதும் தவறு. மறுத்தால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது என்று அதே அமெரிக்க நிர்வாகம் 2017-இல் விளக்கம் கொடுத்தது. வலியைத் தாங்கிக்கொள் என்று யாரையும் அனுப்பச் சொல்லவும் இல்லை.

எனக்கு இன்னொரு பயமும் உண்டு. இந்த மடலைப் பார்த்துவிட்டு யாராவது கோபத்திலோ பயத்திலோ தூக்க மாத்திரையை ஒரே நாளில் வெட்டிவிடக் கூடாது. வருடக்கணக்காகச் சாப்பிட்டவருக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஓபியாய்டையும் அப்படி நிறுத்தக் கூடாது. 2025-இல் அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, பென்சோடயசெபைனைத் தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வரை குறைக்கலாம் என்கிறது. அப்படிப் பார்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும். நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும், நடுவில் தூக்கம் கெடும், திட்டுவார்கள். புதுச் சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும், பழையதைக் குறைக்கத்தான் ஆறு மாதம் வேண்டும். யாரும் அந்த வேலைக்கு ஏன் வருவதில்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இந்த மடலைப் படிக்கும் நோயாளிகளுக்கும் அதையேதான் சொல்கிறேன்: நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேஜையில் கொட்டுங்கள்.

குழுவிடம் நான் கேட்பவை இவை.

எச்சரிக்கையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் வேண்டாம், இந்த ஒன்றை. ஓபியாய்டோடு பென்சோடயசெபைனோ, சோல்பிடெம் வகையோ, கபாபென்டின் வகையோ சேர்ந்தால் வர வேண்டும். ஒரு சொடுக்கில் மூடிவிட முடியாதபடி, ஏன் சேர்த்துத் தருகிறேன் என்று ஒரு வரி எழுதினால்தான் நகர வேண்டும். தேவையுள்ள நோயாளிக்கு அந்த ஒரு வரி எழுதுவதில் ஒரு டாக்டருக்கும் கஷ்டம் இருக்காது. கால்சியத்தையும் களிம்பையும் இன்றைக்கே நிறுத்துங்கள், பட்டியல் போட நானே வருகிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளைத் தொடரவும்" என்ற மொட்டை வரியைத் தடை செய்யுங்கள். ஒவ்வொரு பழைய மருந்தின் பெயரையும் எழுதி, தொடரவா, நிறுத்தவா, குறைக்கவா, குறைப்பதென்றால் யார் பார்த்துக்கொள்வார் என்று எழுத வேண்டும். வார்டில் சேர்க்கும்போதே தூக்கத்துக்கு ஏதாவது எடுக்கிறாரா என்று தனியாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

மருந்தகத்திலிருந்து இந்த ஜோடிக்காகப் போன் வந்தால், எழுதிய டாக்டரோ அவருக்குப் பதிலாக ஒருவரோ பேச வேண்டும். பேசும்வரை மருந்தை நிறுத்திவைக்கும் உரிமையை மருந்தாளுநருக்கு எழுத்தில் கொடுங்கள். அந்த நேரத்தில் வலியோடு உட்கார்ந்திருப்பவருக்கு மாற்று என்ன என்பதையும் அதிலேயே எழுதிவையுங்கள்.

இரண்டையும் ஏற்கெனவே சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கும் நம் நோயாளிகளின் பட்டியலைக் கணினியிலிருந்து எடுக்க முடியும். எடுத்து, ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும், உறக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் முதலில். யாருக்கும் திடீர் நிறுத்தம் வேண்டாம்.

சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாட்கள். வீட்டில் இருப்பவருக்கு ஒரு பக்கத் தாள்: எழுப்பினால் எழாமல் இருப்பது, விட்டுவிட்டு வரும் குறட்டை, உதடு நீலமாவது, இவற்றைப் பார்த்தால் நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடாமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று. முடிந்த இடத்தில் நலோக்சோனும், அதைப் பயன்படுத்தும் விதமும் சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்று அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

கடைசியாக, அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். மாத்திரையைத் தாங்கள்தான் ஏதோ நேரம் மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று அந்த மகன் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் மருந்து வாங்க வந்தபோதும் அதையேதான் கேட்டார். சீட்டில் இருந்தபடியே கொடுத்தீர்கள், சீட்டில்தான் கோளாறு என்று அவரிடம் சொல்ல வேண்டியது மருத்துவமனை. குழுத் தலைவர் நேரில் உட்கார்ந்து, எழுத்திலும் கொடுத்து, அதைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருந்தகத்தில் பணிபுரியும் மருந்தாளுநர்